ஏழாவது மாடியில் ஒரு சம்ப்

செம்பூரில் எங்கள் கட்டடத்துக்குச் சமுத்ரலக்ஷ்மி ஹைட்ஸ் என்று பெயர். பதினோரு மாடி. மொட்டை மாடியில் ஏறி எந்தப் பக்கம் திரும்பினாலும் சமுத்திரம் தெரியாது. மாஹுல் பக்கத்துப் புகைபோக்கிகளும் மோனோ ரயில் தூண்களும்தான் தெரியும். அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் ஏழாவது மாடி காளிராஜ். அவர் கடலை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். அதில் ஒரு பங்கு ஆறாவது மாடிக்கும் போய்ச் சேர்ந்தது.

நான் நாலாவது மாடி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். சொசைட்டிக் கமிட்டியில் ஏழாவது உறுப்பினர். மற்ற ஆறு பேர் கை தூக்கும்போது நானும் தூக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதனால் நடந்ததையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

காளிராஜ் இட்லி மாவு வியாபாரி. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருபத்தாறு வருஷமாக மாவுக்கூடம் நடத்துகிறார். சயனிலிருந்து மான்குர்த் வரை கடைகளுக்கு அவர் பாக்கெட்தான் போகும். மாவுக்கூடத்துக்கு மேலேயே, இரும்பு ஏணி ஏறிப் போகும் ஒற்றை அறையில்தான் அவரும் மனைவி மகேஸ்வரியும் குடியிருந்தார்கள். மகன் பெங்களூரில் வேலைக்குப் போனதும், இனிமேல் ஏணி ஏறக் கூடாது என்று அடம்பிடித்து அவர்களைச் செம்பூருக்குக் குடிமாற்றினான்.

ஹாலை அலங்கரிக்க மகன் ஃபோனிலேயே ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தான். பெயர் ஜோயா. காளிராஜ் அவளிடம் மூன்று விஷயம் கேட்டார்: ஒரு டிவி, ஒரு முருகன் படம், வீட்டுச் செலவுக்கு மாவாட்ட ஒரு சின்ன கிரைண்டர் வைக்கும் மூலை. ஜோயா மூன்றையும் குறித்துக்கொண்டாள். டிவியைப் படுக்கையறைக்கும் முருகனைச் சமையலறைக்கும் கிரைண்டரைப் பால்கனிக்கும் அனுப்பினாள். ஹாலின் நடுச்சுவரில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்நீர் மீன்தொட்டி வந்து உட்கார்ந்தது.

"அங்கிள், இந்த பில்டிங் பேருக்கு இதுதான் சூட் ஆகும்" என்றாள்.

கடலைத் திருச்செந்தூர் கோயிலுக்குப் போகும்போது பார்த்ததோடு சரி, காளிராஜுக்கு அதோடு வேறு சம்பந்தம் கிடையாது. ஆனாலும் பெரிய வீட்டுக்கு வந்தால் இப்படியெல்லாம் இருக்கத்தான் வேண்டும் போல என்று ஒத்துக்கொண்டார். புதுமனைப் புகுவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் தொட்டியில் உப்புத்தண்ணீர் நிரப்பினார்கள். விழாவன்று காலையில் ஏழு மீன்கள் வந்தன. பந்தி நடக்கும்போது மஞ்சள் மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. ஹோமப் புகையில் மயங்கியிருக்கும் என்று ஒருவர் சொன்னார். தூங்குகிறது, எழுப்பாதீர்கள் என்றார் இன்னொருவர். வியாழக்கிழமைக்குள் ஏழும் தூங்கிவிட்டன.

விருந்தாளிகள் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. காளிராஜ்தான் நினைத்தார். செத்த மீன்களைத் தாளில் சுற்றிக்கொண்டு லிஃப்டில் இறங்கும்போது யாரும் பார்க்கிறார்களா என்று ஒளிந்து ஒளிந்து போனார். அவர் வீட்டில் பதினைந்து நாள் மீன் குழம்பு வைக்கவில்லை.

மீன் கொடுத்த காலித்தைத் தேடிக் குர்லாவுக்குப் போனார். காலித் கடல் மீன் மட்டும் விற்பவன். கதையைக் கேட்டுவிட்டு இந்தியில் சொன்னான்: "சேட், உங்கள் தண்ணீர் இன்னும் பச்சைத் தண்ணீர். மீன் விடும் கழிவைத் தின்ன கிருமிகள் வேண்டும். அவை குடியேற ஆறு வாரம் ஆகும்."

"புளிக்கணும்னு சொல்லுத" என்றார் காளிராஜ் தமிழில், தனக்குத்தானே.

கடற்கரைக் கோயிலில் கூட அவருக்குப் புரியாத கடல் அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. அரைத்த மாவைக் கண்ணுக்குத் தெரியாத எதுவோதான் பொங்க வைக்கிறது. அவசரப்பட்டால் கல்லு இட்லி. மீனும் அப்படித்தான்.

காலித் இன்னொன்றும் சொன்னான். தொட்டியோடு வந்த ஃபில்டர் பொம்மை மாதிரி, அது போதாது. தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், இன்னொரு கண்ணாடிப் பெட்டி வைக்க வேண்டும். அதற்குச் சம்ப் என்று பெயர். மேலே வழியும் அழுக்குத் தண்ணீர் குழாய் வழியே அதில் விழும். உள்ளே தடுப்புகளைத் தாண்டித் தாண்டிச் சுத்தமாகும். கடைசி அறையில் இருக்கும் மோட்டார் அதை மறுபடி மேலே தள்ளும். நடு அறை ஒன்றில் மட்டும் பாசி வளர்க்க வேண்டும். அந்த அறைக்கு ரெஃப்யூஜியம், அதாவது புகலிடம், என்று பெயர். பாசி கழிவைத் தின்னும். பாசிக்குள் புள்ளி புள்ளியாகப் பூச்சிகள் பெருகும். மீன்களின் வாய்க்கு அகப்படாமல் அவை அங்கே குடும்பம் நடத்தும். தப்பித் தவறி மோட்டாரோடு மேலே போகிறவை மீனுக்கு ஆகாரம்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஆயத்த சம்ப் ஒன்றைக் காட்டி விலை சொன்னான். காளிராஜ் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவையும் அதே விலைதான்.

அங்கிருந்து நேரே தாராவிக்கு, கலீலுல்லாவின் கண்ணாடிப் பட்டறைக்கு வந்தார். கலீலுல்லா மேலப்பாளையத்துக்காரர். மிட்டாய்க் கடைகளுக்குக் கண்ணாடி அலமாரி செய்கிறவர். இருவருக்கும் இருபது வருஷப் பழக்கம். காளிராஜ் ஒரு மாவுப் பாக்கெட்டைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் படம் போட்டார்.

"மொத அறைல அழுக்குத் தண்ணி விழும். நடு அறைல பாசி. கடைசி அறைல மோட்டாரு."

"பாசி எதுக்குவே? எங்க வீட்டுத் தொட்டில பாசி புடிச்சா பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கோம். நீரு துட்டு குடுத்து வாங்கப் போறீரா?"

"இது வேற பாசிவே."

"எல்லாப் பாசியும் ஒண்ணுதாம்வே. வாங்குத ஆளுதான் வேற."

அப்படிச் சொன்னாலும் கலீலுல்லா வேலையில் குறை வைக்கவில்லை. மூன்றடி நீளத்தில் பெட்டி. உள்ளே நாலு தடுப்புகள். ஒரு தடுப்புக்கு அடியில் இடைவெளி, அடுத்த தடுப்புக்கு மேலே இடைவெளி, தண்ணீர் கீழே நுழைந்து மேலே ஏறிப் போகும்படி. சிலிக்கானைத் தடவி நாலு நாள் காய வைத்தார்கள். பட்டறையில் தண்ணீர் நிரப்பிப் பார்த்ததில் ஒரு சொட்டுக் கூட ஒழுகவில்லை. டெம்போவில் பழைய மெத்தை விரித்து, நடுவில் பெட்டியை வைத்து, பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்துகொண்டு, ஏதோ கல்யாணப் பெண்ணை அழைத்துவருவது மாதிரி செம்பூருக்குக் கொண்டுவந்தார்கள்.

அலமாரிக் கதவைத் திறந்தார்கள். பெட்டி உள்ளே போகவில்லை.

அலமாரி நாலடிதான். ஆனால் முன்பக்கம் நடுவில் ஒரு கால் இருந்தது. இரண்டு பக்கமும் வாசல் ஒன்றே முக்கால் அடி. காளிராஜ் டேப்பை வைத்து வெளியிலிருந்தே அளந்திருந்தார். மேலே இருநூற்றைம்பது லிட்டர் கடல் உட்கார்ந்திருந்ததால் அலமாரியை நகர்த்தவும் முடியாது.

"நடுக்காலை அறுத்துருவமா?" என்றார் காளிராஜ்.

"அறுக்கலாம். பொறவு தொட்டியை நீரு தலைல தாங்கிக்கிட்டே நில்லும்" என்றார் கலீலுல்லா.

கடைசியில் பக்கவாட்டுப் பலகையை அறுத்து அந்த வழியாகச் சம்ப்பை நுழைத்தார்கள். ஜோயா தன் வேலைகளை விளம்பரத்துக்குப் படம் எடுக்க மறுவாரம் வந்தாள். அறுத்த பலகையைப் பார்த்தாள். படம் எடுக்காமலேயே, தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் சுற்றியது. கூடவே சத்தமும். குழாய்க்குள் கடகடவென்று இரவும் பகலும் விழுந்துகொண்டே இருந்தது.

"வீட்டுக்குள்ள எவனோ ஒருத்தன் ஓயாம குளிச்சிக்கிட்டே இருக்குத மாதிரி இருக்கு. எப்பத்தான் வெளிய வருவான்னு கதவையே பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் மகேஸ்வரி.

குழாயின் வாயில் முழங்கை மாதிரி வளைந்த ஒரு துண்டைத் திருப்பி மாட்டியதில் சத்தம் பாதியானது. மீதிப் பாதிக்குப் பழகிக்கொண்டார்கள்.

பிறகு காத்திருப்பு. கடல்தொட்டி வைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தோற்பது இங்கேதான் என்று காலித் சொல்வான். வெறும் தண்ணீரையும் பாறைத் துண்டுகளையும் ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. காளிராஜுக்கு இருந்தது. தினமும் மாவுக்கூடத்திலிருந்து வந்து, குனிந்து, சம்ப்பை மோந்து பார்ப்பார். தண்ணீரைப் பரிசோதிக்கக் காலித் கொடுத்த மருந்துப் புட்டிகள் சீல் உடைக்காமல் இருந்தன. முப்பத்தெட்டாம் நாள் மோந்துவிட்டு, "பதம் வந்துட்டு" என்றார். காலித் வந்து புட்டிகளை உடைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தான். நிறங்கள் சரியாக இருந்தன. காளிராஜின் மூக்கைப் பார்த்தான்.

ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கிளௌன் மீன்கள் வந்தன. ஒரு வாரம் கழித்தும் இருந்தன. அடுத்து, பண்ணையில் வளர்த்ததற்கான ரசீதோடு விரல் அளவுக்குப் பவளத் துண்டுகள் நாலைந்து. நடு அறையில் போட்ட பாசி, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் மாதிரி சுருண்டு சுருண்டு வளர்ந்தது. அதற்கு மட்டும் ஒரு தனி விளக்கு.

ஒரு நாள் சாயங்காலம் காளிராஜ் ஃபோன் டார்ச்சை அடித்துப் பார்த்தபோது பாசி நடுவே வெள்ளை வெள்ளையாக எதுவோ துள்ளியது. ரவைத் துணுக்கு மாதிரி. நூறா, ஆயிரமா தெரியவில்லை. புது வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த ஹால் சோபாவில் அவர் ஒரு தடவை கூடச் சாய்ந்து உட்கார்ந்ததில்லை, அழுக்காகிவிடுமோ என்று விளிம்பில்தான் உட்காருவார். அன்றைக்கு அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகேஸ்வரி காப்பியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள்.

"மேல அம்புட்டு அழகா மீன் நிக்கி. நீங்க என்னடான்னா சாக்கடையப் பாத்துக்கிட்டு இருக்கிய."

"மேல இருக்கது காலித் குடுத்தது, பிள்ள. இது நாம உண்டாக்குனது."

இதற்கிடையில் லிஃப்டில் ஒரு சேதி ஏறி இறங்கியது. ஏழாவது மாடிக்காரர் வீட்டுக்குள் சம்ப் கட்டியிருக்கிறார் என்று வேலைக்காரப் பெண் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். நம் ஊர்க்காரர்களுக்குச் சம்ப் என்றால் நிலத்தடித் தொட்டி. அது பல கைமாறி, பத்தாயிரம் லிட்டராகப் பெருகி, செக்ரட்டரி ஹரிகிருஷ்ணனின் காதுக்குப் போயிற்று.

ஹரிகிருஷ்ணன் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். முப்பத்துநாலு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஆறாவது மாடியில், காளிராஜ் வீட்டுக்கு நேர் கீழே இருக்கிறார். ஆபீஸில் விட்ட சர்க்குலர்கள் போதாமல் சொசைட்டியிலும் விடுகிறவர். லிஃப்டில் தும்முவது பற்றிக் கூட எங்களுக்கு ஒரு சர்க்குலர் உண்டு, எண்ணும் தேதியும் போட்டு. அவர் ஒரு கோப்போடு காளிராஜ் வீட்டு மணியை அடித்தார். எட்டிப் பார்க்க நானும் கூடப் போனேன்.

"ஏழாவது ஃப்ளோர்ல சம்ப் கட்டறதுக்குப் பர்மிஷன் வாங்கினேளா, காளிராஜ்? ஸ்லாப் தாங்குமா?"

"சார், அது கண்ணாடிப் பெட்டி. எங்க மாவுத் தூக்கு நாலைச் சேத்து வச்சாப்புல இருக்கும்."

"உள்ள யாரோ ரெஃப்யூஜி எல்லாம் இருக்கறதா சொல்றாளே?"

"ரெஃப்யூஜியம் சார். அதுல பூச்சிதான் இருக்கு."

"பூச்சியா? பெஸ்ட் கன்ட்ரோல் பண்ணலையா?"

"நாமதான் சார் வளக்கோம்."

ஹரிகிருஷ்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கோப்பிலிருந்து ஒரு படிவத்தை உருவிக் கொடுத்தார். உரிமையாளர் குடும்பம் தவிர ஃப்ளாட்டில் வசிப்போர் விவரம். காளிராஜ் அதை மதித்து, மறுநாளே பூர்த்தி செய்து கொண்டுவந்து கொடுத்தார். எண்ணிக்கை: எண்ண முடியவில்லை. சொந்த ஊர்: குர்லா. தொழில்: கழிவு தின்பது. எவ்வளவு காலம் தங்குவர்: வம்சமாக. கமிட்டிக் கூட்டத்தில் அந்தப் படிவம் வாசிக்கப்பட்டு, பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. நான் கை தூக்கினேன்.

மே மாதம் எங்கள் ரோட்டில் எங்கோ பெரிய குழாய் வெடித்தது. முதல் நாள் தண்ணீர் அரை மணி நேரம் வந்தது. இரண்டாம் நாள் கால் மணி. மூன்றாம் நாள் குழாயைத் திறந்தால் காற்றுதான். டேங்கர் மாலையில் வரும் என்றார்கள். அப்போது யாருக்கோ ஏழாவது மாடி சம்ப் ஞாபகம் வந்தது. காலை பத்து மணிக்குக் காளிராஜ் வீட்டு வாசலிலிருந்து படிக்கட்டு வரை வாளிகள். வரிசையில் நானும் இருந்தேன், வாளியை உடம்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

காளிராஜ் தவித்துப் போனார். தண்ணீர் கேட்டு வந்தவர்களை வெறும் வாளியோடு அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. தொட்டியில் ஆவியாகிக் குறையும் தண்ணீரை நிரப்ப வடிகட்டிய நல்ல தண்ணீர் நாலு கேன் வைத்திருந்தார். அதைத் திறந்து ஆளுக்கு அரை வாளி ஊற்றினார். பதினோராவது ஆளோடு தீர்ந்துபோயிற்று.

பன்னிரண்டாவது ஆள் ஹரிகிருஷ்ணன்.

"தீந்துடுத்தா? அப்ப அலமாரிக்குள்ள சலசலன்னு சத்தம் கேக்கறதே, அது என்ன?"

"சார், அது உப்புத் தண்ணி. வாய்ல வைக்க முடியாது."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வா. ஒரு டம்ளர் கொடுங்கோ. நானே பாக்கறேன்."

காளிராஜ் இரண்டு தடவை மறுத்தார். மகேஸ்வரி ஒரு தடவை மறுத்தாள். பிறகு டம்ளரில் மொண்டு கொடுத்தாள். சந்தேகப்படுகிறவர் கொஞ்சமாகக் குடித்துப் பார்க்கலாம். ஹரிகிருஷ்ணன் ஆபீஸ்காரர், எதையும் முழுசாகச் செய்து பழகியவர். ஒரே மூச்சில் பாதி டம்ளர். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினார். அங்கே கிரைண்டர் குறுக்கே நின்றதால் கொஞ்சம் தாமதமாயிற்று. சாயங்காலம் சர்க்குலர் வந்தது: ஏழாவது மாடி நீர் குடிக்கத் தகுந்ததல்ல.

மழைக்காலம் முடியும்வரை பிரச்சினை ஒன்றும் இல்லை. அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மீட்டர் அறையில் வேலை இருப்பதாகச் சொல்லிக் காலை பதினொன்றிலிருந்து கரண்ட்டை நிறுத்தினார்கள். காளிராஜ் தாராவியில் இருந்தார். முந்தின நாள்தான் தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் மாற்றியிருந்தார். உப்புக் கலந்த தண்ணீர் இருபது லிட்டர் மிஞ்சியது. அதைச் சாக்கடையில் கொட்ட மனசு வராமல் சம்ப்பிலேயே ஊற்றி விளிம்பு வரை நிரப்பியிருந்தார்.

மோட்டார் நின்றது. தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டிருந்த அதே குழாய், இப்போது மேல் தொட்டியிலிருந்து கீழே உறிஞ்ச ஆரம்பித்தது. குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருந்ததால் நிற்கவில்லை. ஏற்கெனவே நிரம்பியிருந்த சம்ப் வழிந்து, அலமாரி வழிந்து, ஹாலில் ஓடியது.

மகேஸ்வரி ஃபோன் பண்ணினாள். "ஹால் பூரா கடல் வந்துட்டு. வாரியளா இல்லையா?"

"மோட்டாரை நிறுத்து பிள்ள!"

"அது நின்னதாலதான் வருது!"

காளிராஜ் டாக்ஸியில் ஏறி, வழி நெடுக ஃபோனில் எதை எதையோ அமுக்கச் சொன்னார். மகேஸ்வரி ஃபோனைச் சோபாவில் போட்டுவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி, மேல் தொட்டிக்குள் கையை விட்டு, குழாயின் வாயைப் பிடித்துத் தண்ணீருக்கு வெளியே தூக்கினாள். குழாய் ஒரு தடவை காற்றை இழுத்தது. அத்தோடு நின்றது. குழாயைப் பிடித்த கையோடு இருபது நிமிஷம் ஸ்டூலிலேயே நின்றாள்.

காளிராஜ் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"கூடத்துல பயலுவ மாவை வாளி நிறைய ஊத்துனா என்ன சொல்லுவிய?"

"நாலு விரக்கடை விடச் சொல்லுவேன்."

"எத்தன வருசமா சொல்லுதிய?"

காளிராஜ் துடைப்பத்தை எடுத்தார்.

அதே நேரத்தில் ஆறாவது மாடியில் ஹரிகிருஷ்ணன் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உப்புக் கூடிப்போச்சே என்று மனைவி விஜயராணியிடம் குறைப்பட்டார். போட்டதே அரை ஸ்பூன்தான் என்றாள் அவள். இரண்டாவது சொட்டு அவர் வழுக்கையில் விழுந்தது. தொட்டு நாக்கில் வைத்தார். மே மாதத்து ருசி அப்படியே இருந்தது.

பம்பாயில் ஒழுகல் தகராறு தெரியாதவர்கள் இருக்க முடியாது. மேல் வீட்டுக்காரர் என் வீட்டிலிருந்து இல்லை என்பார். கீழ் வீட்டுக்காரர் வேறு எங்கிருந்து என்பார். பிளம்பர் வருவார், எஞ்சினியர் வருவார், வக்கீல் வருவார். அதற்குள் இரண்டு வீட்டிலும் பிள்ளைகளுக்குக் கல்யாணமாகிவிடும். எங்கள் கட்டடத்தில்தான் ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று ஒரே நிமிஷத்தில், நாக்கினாலேயே முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை காலை சிறப்புப் பொதுக்குழு. அதற்குள் காளிராஜ் ஆள் அனுப்பி ஆறாவது மாடிக் கூரையைச் சரிசெய்து பெயின்டும் அடித்துக் கொடுத்துவிட்டார். அப்படியும் பேச வந்தவர்கள் பேசாமல் போக முடியாதே. கட்டடமே உப்பரித்து விழும் என்றார் ஒருவர். ஏழாவது மாடியில் கடல் இருப்பது வாஸ்துப்படி தவறு என்றார் இன்னொருவர், மூன்றாவது மாடி வரை பரவாயில்லையாம். தொட்டியை எடுக்க வேண்டும் என்று ஹரிகிருஷ்ணன் தீர்மானம் வாசித்தார். காளிராஜ் எழுந்தார்.

"தப்பு என் மேலதான். பதினஞ்சு நாள் குடுங்க. திருத்தி வைக்கேன். நீங்க எல்லாரும் வந்து நின்னு உங்க கையாலயே கரண்ட்டை நிறுத்திப் பாருங்க. ஒரு சொட்டு கீழ விழுந்தா நானே எடுத்துருதேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. முடிவைக் கமிட்டியிடம் விட்டார்கள். அவகாசம் கொடுக்கலாம் என்று நான் கை தூக்கினேன். மற்ற ஆறு பேருக்கு முன்னால் நான் தூக்கியது அதுதான் முதல் தடவை. கீழே இறக்க வெட்கமாக இருந்ததால் அப்படியே வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக இன்னும் நாலு கைகள் ஏறின.

கலீலுல்லா வந்தார். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. குழாயில், மேல் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சின்னதாக ஒரு ஓட்டை போட்டார். தண்ணீர் ஓட்டை வரை இறங்கினால் குழாய் காற்றை இழுத்து உறிஞ்சுவதை நிறுத்திவிடும். சம்ப்பின் கண்ணாடியில், இதற்கு மேல் நிரப்பக் கூடாது என்று மகேஸ்வரி நகச்சாயத்தால் சிவப்பாக ஒரு கோடு போட்டாள்.

"இந்த ஓட்டையை மொதல்லயே போட்டிருக்கலாமேவே" என்றார் காளிராஜ்.

"நீரு படத்துல வரையலயேவே. மாவுப் பாக்கெட்டு இன்னும் பட்டறைலதான் கிடக்கு, வந்து பாரும்."

குறித்த நாளில் கமிட்டி ஏழு பேரும் அந்த ஹாலில் முட்டி மடக்கி, அலமாரிக்கு முன்னால் குனிந்து நின்றோம். ஹரிகிருஷ்ணன் டார்ச்சும் நோட்டுமாக முன்வரிசையில். நான் மெயின் ஸ்விட்ச்சை இறக்கினேன். சத்தம் அடங்கியது. சம்ப்பில் தண்ணீர் ஏறியது. சிவப்புக் கோட்டைத் தாண்டியது. இன்னும் ஏறியது. காளிராஜ் கண்ணை மூடிக்கொண்டார். மேலே குழாய் ஒரு தடவை கொர்ரென்றது. தண்ணீர் விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் பார்த்தோம். அசையவில்லை.

எல்லோரும் நிமிர்ந்தார்கள், ஹரிகிருஷ்ணன் மட்டும் நிமிரவில்லை. அவர் டார்ச் நடு அறையில் நின்றிருந்தது.

"காளிராஜ், இது என்னது, துள்றதே?"

"நீங்க ஃபாரம் குடுத்தியள்ளா சார், அவங்கதான்."

"இத்தனை பேரா?" என்றார் ஹரிகிருஷ்ணன், மெதுவாக.

கமிட்டி ஒன்பது நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. ஏழாவது நிபந்தனை, செக்ரட்டரி எந்த நேரத்திலும் வந்து ஆய்வு செய்யலாம் என்பது. அவர் அதைத் தினமும் நாலு மணிக்குச் செய்தார், மகேஸ்வரி காப்பி போடும் நேரத்தில். முதலில் நோட்டோடு வந்தவர், ஒரு மாதம் கழித்து நோட்டு இல்லாமல் வர ஆரம்பித்தார்.

போன தை மாதம் கிளௌன் ஜோடி பாறை இடுக்கில் ஆரஞ்சு மணிகள் மாதிரி முட்டையிட்டது. ஆண் மீன் அவற்றுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. மகேஸ்வரி ஹாலில் யாரையும் உரக்கப் பேச விடவில்லை. மூன்றாம் நாள் நாலு மணிக்கு ஹரிகிருஷ்ணனும் நானும் போனபோது பாறை வெறுமையாக இருந்தது. ஆண் மீன் வயிறு புடைக்க நின்றது.

"அப்பனே தின்னுட்டானா!" ஹரிகிருஷ்ணனுக்குத் தாங்கவில்லை.

காளிராஜ் காலித்துக்கு ஃபோன் போட்டார். முதல் ஈட்டில் அப்படித்தான் செய்யுமாம், இரண்டு வாரத்தில் மறுபடி முட்டையிடுமாம்.

"அவனுக்கும் பழக்கம் இல்லைல்லா சார்" என்றாள் மகேஸ்வரி. "வீட்டுல ஆம்பளைக்கு எதுவும் ரெண்டு தடவ சொல்லித்தான் வெளங்கும். காப்பி ஆறுது, குடிங்க."